அக்காவுக்குப் பரிந்துரைத்த இரண்டு படங்கள்

எங்கள் குடும்பத்தார் கைபேசியில் பேசிக்கொள்ளும் புலனக் குழுவில் காலையில் மற்றவர்கள் ரோஜாப்பூவும் குத்துவிளக்கும் போட்டு வணக்கம் சொல்வார்கள். நான் ஆவணப்படம் போடுவேன். கடலில் இருக்கும் எட்டுக்கால் பிராணிக்கு மூளை எங்கே இருக்கிறது, மின்தூக்கியின் கயிறு அறுந்தால் என்ன ஆகும், வரிசையில் நிற்கிற மனிதன் முன்னால் நிற்பவனை ஏன் வெறுக்கிறான், இப்படி. சிரம்பானில் ஒரு பள்ளிக்கூட ஆய்வுக்கூடத்தில் முப்பது வருசத்துக்கு மேல் சோதனைக் குழாய் கழுவியவன் நான். ஓய்வு பெற்றதும் கழுவ ஒன்றும் இல்லாமல் போனது. அதே ஊரில் ரஹாங் பக்கத்து வீட்டு முன்னறையில் உட்கார்ந்து, இணையத்தில் சும்மா கிடைக்கும் அறிவியல் படங்களாகப் பார்த்துத் தள்ளினேன். பார்த்ததை யாருக்காவது சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

இதில் எனக்கென்று சில கண்டிப்புகள் உண்டு. முழுக்கப் பார்க்காத படத்தை யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். வேற்றுக் கிரகத்துக்காரன் வந்து கோயில் கட்டிவிட்டுப் போனான் என்கிற படம், எலுமிச்சம்பழத்தில் எல்லா நோயும் தீரும் என்கிற படம், இவற்றை எவனாவது குழுவில் போட்டால் அன்றைக்கு அவன் தொலைந்தான். பத்தி பத்தியாக எழுதி வாங்கு வாங்கென்று வாங்குவேன். அதனால் எனக்குப் புரொபசர் என்று பட்டப்பெயர். மரியாதைக்கு வைத்ததில்லை. நான் அனுப்புவதை யாரும் திறப்பதும் இல்லை, கட்டைவிரல் ஒன்றைத் தூக்கிக் காட்டிவிட்டு அவரவர் வேலையைப் பார்ப்பார்கள்.

திறந்து பார்த்தது அக்கா ஒருத்திதான்.

அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவள். பகாவ் பக்கத்தில், நாங்கள் பிறந்த அதே தோட்டத்தில்தான் இன்னமும் இருக்கிறாள். ரப்பர் மரம் போய் எண்ணெய் எடுக்கும் செம்பனை வந்து வெகுகாலமாகிறது. மாமா தவறிவிட்டார், மகன் செம்பனை ஆலையில் வேலை செய்கிறான், அவன் வாங்கிக் கொடுத்த கைபேசியை அடுப்படியில் பிஸ்கட் டின் மேல் சாய்த்து வைத்துக்கொண்டு வெங்காயம் உரிக்கும்போது படம் பார்ப்பாள். ஆங்கிலம் தெரியாது. ஆகவே ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் ஐந்து நிமிடத்துக்கு என் குரலைப் பதிவு செய்து, படத்தில் என்ன வருகிறது, எதைக் கவனிக்க வேண்டும் என்று தமிழில் சொல்லி அனுப்புவேன். அதை இரண்டு தடவை கேட்பாள். அப்புறம்தான் படம். யோசித்துப் பார்த்தால் அவள் பார்த்ததெல்லாம் என் பேச்சைத்தான். நான் சொன்னது அவளுக்குப் படத்தில் தெரிந்தது, நான் சொல்லாமல் விட்டது தெரியவில்லை.

சாயங்காலம் அவளிடமிருந்து குரல் வரும். "தம்பி, அந்த எட்டுக்காலு பிராணி பாவம்லா. முட்டையக் காத்துக்கிட்டே சாப்பிடாம கெடந்து செத்துப் போவுதே. சரி, நாளைக்கி என்னா படம்?" பள்ளிக்கூடத்தில் ஒரு வாத்தியாரும் என்னிடம் இப்படி ஆசையாக ஒன்று கேட்டதில்லை. எனக்குத் தலைகால் புரியாது.

அம்மா இறந்தபோது எனக்கு ஐந்து வயது, அக்காவுக்குப் பதினொன்று. ரப்பர் பால் மரத்தடியில் கிடந்த துருப்பிடித்த கம்பி காலில் ஏறி, பத்து நாளில் ஜன்னி கண்டு, தோட்டத்து லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். திரும்பி வரவில்லை. லாரி கிளம்பும்போது அம்மா அக்காவைப் பார்த்து, "தம்பிய பாத்துக்க" என்று சொன்னாள். இது எங்கள் குடும்பத்தில் குழந்தைகளுக்குக்கூடத் தெரிந்த கதை. அக்கா மறு வாரமே பள்ளிக்கூடத்தை விட்டாள். அப்பாவோடு விடிகாலையில் ரப்பர் பால் வெட்டுக்குப் போனாள், எனக்குச் சோறாக்கினாள், சட்டை தைத்தாள். பெண் கேட்டு வந்தவர்களையெல்லாம் தம்பி பள்ளிக்கூடத்தில் கடைசி வகுப்பான ஐந்தாம் படிவம் முடிக்கட்டும் என்று திருப்பி அனுப்பினாள். நான் நீளக்கால்சட்டை போட்டுச் சிரம்பானுக்கு வேலைக்குப் போனது அந்த ஒரு வாக்கியத்தின் தயவில்தான்.

இரண்டு வருசத்துக்கு முன், தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போது, காயங்களைப் பற்றி ஒரு படம் பார்த்தேன். அந்தக் காலத்து வைத்தியர்கள் கை கழுவாமல் அறுவை செய்தது, கிருமி என்று ஒன்று இருப்பதை யாரும் நம்பாதது, மண்ணில் கிடக்கும் ஒரு கிருமி காற்றுப் படாத ஆழமான காயத்துக்குள் எப்படிப் பெருகுகிறது, எல்லாம் அதில் இருந்தது. அருமையான படம். எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. அக்காவுக்குக் குரல் பதிவு செய்தேன்.

"அக்கா, இன்னிக்குப் படம் ரொம்ப முக்கியம்லா, விடாமப் பாரு. நம்ம தோட்டத்து ஆளுங்க என்னா பண்ணுவாங்க? கால்ல எதாச்சும் குத்துனா ஓடிப்போயி காப்பித்தூள அள்ளி அப்பி, துணியப் போட்டு இறுக்கிக் கட்டுவாங்க. ரத்தம் நின்னுரும், இல்லங்கல. ஆனா ஆழமான காயத்த அப்படி அடச்சா உள்ளாற காத்துப் போவாது. அந்தக் கிருமிக்கு அதான் வேணும். எமனுக்கு நாமளே பாய் விரிச்சுப் போட்ட மாதிரி. இந்தக் காப்பித்தூள வச்சே எத்தன பேர நாம அனுப்பி வச்சோமோ, போ!"

கடைசியில் சிரித்தும் இருந்தேன். அந்தப் பதிவு இன்னும் என் கைபேசியில் இருக்கிறது.

அம்மாவை நினைத்தேனா என்றால், நினைத்தேன். அம்மாவின் காலிலும் யாராவது காப்பித்தூள் வைத்திருக்கலாம் என்றுகூடத் தோன்றியது. அப்பா வைத்திருப்பார், இல்லையென்றால் பக்கத்து வீட்டுக்காரர்கள் வைத்திருப்பார்கள், அவர்களெல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், இனிமேல் பேசினால் யாருக்கு நோகப் போகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

நீல நிறத்தில் இரண்டு கோடு விழுந்தது. அக்கா கேட்டுவிட்டாள். சாயங்காலம் குரல் வரவில்லை, மறுநாளும் இல்லை. மூன்றாம் நாள் நானே கேட்டேன். "லைன் சரியில்ல தம்பி" என்றாள். அடுத்து அனுப்பிய படங்களுக்கும் அதே பதில்தான். தோட்டத்தில் மழைக்காலத்தில் லைன் போவது வழக்கம்தானே என்று விட்டுவிட்டேன்.

தீபாவளிக்கு முதல் நாள் எங்கள் வீட்டில் செத்தவர்களுக்குப் படைப்போம். எங்கே இருந்தாலும் நான் அக்கா வீட்டுக்குப் போய்விடுவேன். அவரவருக்குப் பிடித்ததை இலையில் வைப்பாள். அப்பாவுக்கு ஆட்டுக்கறியும் ஒரு போத்தல் பீரும். மாமாவுக்குப் பொரித்த மீன். அம்மாவுக்கு எது இருக்கிறதோ இல்லையோ, எனாமல் குவளையில் சீனி தூக்கலாக ஒரு வரக்காப்பி இருக்கும். விவரம் தெரிந்த நாளிலிருந்து அதை ஒரு வருசமும் தவறவிட்டதில்லை. அந்த வருசம் இலை இருந்தது, புதுச் சேலை இருந்தது, பலகாரம் இருந்தது. காப்பி இல்லை.

மறந்துவிட்டாளாக்கும் என்று நான்தான் அடுப்படிக்குப் போனேன். "அக்கா, அம்மாவுக்குக் காப்பி கலக்கலியா?"

அவள் முறுக்குச் சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை. "வேணாம்லா."

"ஏன்?"

"அந்தத் தூள இந்தக் கையால தொட முடியல தம்பி."

எனக்கு விளங்கவில்லை. பரணில், கப்போர்டில், எங்கேயும் காப்பித்தூள் டின்னே இல்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். அக்கா கையைத் துடைத்துக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்து, ஐம்பது வருசத்துக்கு மேல் யாரிடமும் சொல்லாததை என்னிடம் சொன்னாள்.

அம்மா காலைக் குத்திக்கொண்டு நொண்டி நொண்டி வந்தபோது வீட்டில் அக்கா மட்டும்தான் இருந்தாள். நான் தோட்டத்துச் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டாயில் இருந்தேனாம். அம்மா வாசலில் உட்கார்ந்து, "ஒன்னுமில்லலா, தண்ணி ஊத்திக் கழுவுனா போதும்" என்றிருக்கிறாள். அக்கா கேட்கவில்லை. பெரியவர்கள் செய்வதைப் பார்த்திருக்கிறாள், தானும் செய்ய வேண்டும் என்று ஆசை. காப்பித்தூளை ஒரு கை அள்ளி வந்து, காயத்தில் வைத்து அழுத்தி, பழைய பள்ளிக்கூடப் பாவாடையைக் கிழித்து இறுக்கக் கட்டினாள். அம்மா சிரித்துவிட்டு, "நம்ம வீட்லயே ஒரு டிரெசரம்மா இருக்கு" என்றாளாம். தோட்டத்து மருந்தகத்தில் கட்டுப்போடுகிறவரை டிரெசர் என்போம். அம்மா தன்னைப் பாராட்டியது அக்காவுக்கு அவ்வளவு சந்தோஷம். கட்டை மூன்று நாள் அவிழ்க்க விடவில்லையாம்.

"நீதான சொன்ன, அடச்சா காத்துப் போவாதுன்னு" என்றாள் அக்கா. "நான் நல்லா அடச்சேன் தம்பி. ரொம்ப நல்லா அடச்சேன்."

என் வாழ்க்கையில் அவ்வளவு அவமானத்தை நான் உணர்ந்ததில்லை. அவளிடம் அந்தச் சிரிப்போடு பேசினவன் நான். கம்பி ஆழமாக ஏறியிருக்கும், ஊசி போடாத காலம், தூள் வைக்காவிட்டாலும் அப்படித்தான் ஆகியிருக்கும் என்று என்னென்னவோ சொன்னேன். பாதி உண்மையும்கூட. அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"அன்னைக்கு வாய்ஸ்ல நீ அப்படிச் சொல்லலியே" என்றாள். பிறகு எழுந்து போய்ப் படையலுக்குச் சூடம் ஏற்றினாள்.

ரஹாங்குக்குத் திரும்பியதும் நான் செய்ததுதான் உண்மையான மடத்தனம். வேறு ஒருவனாக இருந்தால் நாலு நாள் அங்கேயே தங்கி அவளோடு உட்கார்ந்திருப்பான். நான் படம் தேடினேன். ஒரு படத்தால் கெட்டதை இன்னொரு படத்தால் சரிக்கட்டிவிடலாம் என்று நம்பினேன். பத்து நாள் தேடி, மனிதனின் ஞாபகம் எப்படி ஏமாற்றுகிறது என்பதைப் பற்றி ஒரு படத்தைக் கண்டுபிடித்தேன். நடக்காததை நடந்ததாகச் சத்தியம் செய்கிறவர்கள், அடுத்தவருக்கு நடந்ததைத் தனக்கு நடந்ததாக நினைத்துக்கொண்டு அழுகிறவர்கள், எல்லாரும் அதில் வந்தார்கள். பொய் சொல்கிறவர்கள் இல்லை, நம்மைப் போல நல்ல மனிதர்கள். எனக்கு வேண்டியது இதுதான் என்று துள்ளிக் குதித்தேன்.

என் மனைவி மட்டும், "ஏங்க, கொஞ்ச நாளைக்குச் சும்மா இருங்களேன்" என்றாள். உனக்கென்ன தெரியும் என்று எரிந்து விழுந்தேன்.

பதிவு செய்யுமுன் தாளில் எழுதி வைத்துப் படித்தேன். "அக்கா, நம்ம ஞாவகம் போட்டோ மாதிரி இல்லலா. ஒவ்வொரு வாட்டி நெனைக்கும்போதும் மனசு அத புதுசா செய்யுது. பதினோரு வயசு, அம்மா வேற போயிட்டாங்க, அந்த வயசுல பிள்ளைங்க எல்லாத்தையும் தன் மேல போட்டுக்கும்னு படத்துல சொல்றாங்க. அம்மாவே தூள வச்சுக் கட்டியிருக்கலாம். நீ பக்கத்துல நின்னு பாத்திருக்கலாம். நீதான் வச்சன்னு அப்பறமா ஒனக்குத் தோணியிருக்கும். நீ வைக்கவே இல்லன்னுதான் நான் நெனைக்கிறேன்க்கா."

நீலக்கோடு விழுந்தது. மறுநாள் மத்தியானம், சோற்றுத் தட்டின் முன் உட்கார்ந்திருந்தபோது கைபேசி அடித்தது. அக்கா குரல் அனுப்புவாளே தவிர நேரே கூப்பிடுவது அபூர்வம்.

"தம்பி, படத்த மூணு வாட்டி பாத்துட்டேன். ஒன்னு கேக்கறேன், சொல்லு."

"கேளுக்கா."

"அப்ப லாரியும் அப்படித்தானா?"

அவள் என்ன கேட்கிறாள் என்பது உடனே புரிந்துவிட்டது. பத்து நாள் தேடியவன், தாளில் எழுதிப் படித்தவன், ஒரு தடவைகூட அதை யோசிக்கவில்லை.

"தூளு வச்சது நானா செஞ்சுக்கிட்ட ஞாவகம்னா, அம்மா சொன்னதும் நானா செஞ்சுக்கிட்டதுதான? அதும் அதே பத்து நாளுதான். தம்பிய பாத்துக்கன்னு அம்மா சொன்னாங்கன்னுதான்லா நான் ஸ்கூல விட்டேன். அத நெனச்சுக்கிட்டுத்தான் வெட்டுக்குப் போனேன். மாப்பிள வந்தப்ப வேணாம்னேன். ஒரு நாளும் கஷ்டமாத் தெரியல, அம்மா என்கிட்டதான சொன்னாங்கன்னு இருந்தேன். அம்மா சொல்லலன்னா, யாரு சொல்லி தம்பி நான் இதெல்லாம் செஞ்சேன்?"

அவள் அழவில்லை. கணக்குப் போடத் தெரியாத பிள்ளை வாத்தியாரிடம் கேட்பதைப் போலக் கேட்டாள்.

"நீ அங்கதான் இருந்த. அப்பா ஒன்னத் தூக்கி லாரிகிட்ட காட்டினாரு. ஒனக்கும் ஞாவகம் இருக்கும். அம்மா சொன்னாங்களா, இல்லியா?"

எனக்கு அம்மாவைப் பற்றி இருப்பது ஒரே ஒரு ஞாபகம். லாரி வருமுன் அம்மா வீட்டில் படுத்திருக்கிறாள். அப்பா அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு, கரண்டியின் காம்பைப் பல்லுக்கு நடுவே விட்டு நெம்புகிறார். கரண்டி பல்லில் மோதுகிற சத்தம் கேட்கிறது. வாய் திறக்கவில்லை. கஞ்சி இரண்டு பக்கமும் வழிந்து கழுத்துக்குள் போகிறது. அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள் என்று வெகுகாலம் நினைத்திருந்தேன். காயத்தைப் பற்றிய அந்தப் படத்தில் ஒரு பழைய ஓவியம் வரும். இந்த ஜன்னி கண்ட ஒருவன், தாடை பூட்டிக்கொண்டு, உதடு இரண்டு பக்கமும் இழுத்து, சிரிப்பதைப் போலவே கிடப்பான். கடைசியில் அவர்களால் வாயைத் திறக்க முடியாது, பேச முடியாது என்று குரல் சொல்லும். அந்த இடத்தில் நான் படத்தை நிறுத்திவிட்டு வாசலுக்குப் போய் நின்றேன். அக்காவுக்கு அனுப்பிய பதிவில் அதை விட்டுவிட்டேன். அவளும் அந்த ஓவியத்தைப் பார்த்திருப்பாள். யாரும் விளக்காததால், யாரோ ஒரு வெள்ளைக்காரன் சிரிக்கிறான் என்று நினைத்திருப்பாள்.

"தம்பி, இருக்கியா?"

"இருக்கேன்க்கா. அம்மா சொன்னாங்க. நானும் கேட்டேன்."

"என்னான்னு?"

"தம்பிய பாத்துக்கன்னு."

அவள் மூச்சு விடுவது கேட்டது. "அப்ப என் ஞாவகம் சரியாத்தான் இருக்கு" என்றாள்.

"ஆமாக்கா."

"அப்ப காப்பித்தூளும் நான்தான் வச்சேன்."

அப்படி இல்லை, இது வேறு அது வேறு என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் விடவில்லை. "அப்படிப் பிரிக்காதலா. ஒன்னு நெசம்னா இன்னொன்னும் நெசந்தான். நான் வச்சதாவே இருக்கட்டும் தம்பி, நான் தாங்கிக்குவேன். அம்மா சொன்னது எனக்கு வேணும்." சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

தட்டில் சோறு காய்ந்துபோயிருந்தது. மனைவி எடுத்துக்கொண்டு போனாள். அம்மாவைக் கொன்றது தான் என்ற பழியை, என்னைப் பார்த்துக்கொள்ளச் சொன்ன ஒரு வாக்கியத்துக்காக என் அக்கா ஏற்றுக்கொண்டாள். அந்த வாக்கியத்தை அவளுக்கு உறுதிப்படுத்திக் கொடுத்தவன் நான். அன்று நான் வேறு என்ன சொல்லியிருக்க முடியும் என்று இன்றுவரை தெரியவில்லை.

அவள் மறுபடி படம் கேட்கிறாள். பறவைகள் கண்டம் விட்டுக் கண்டம் போவது, பாலம் கட்டுவது, கண்ணாடி செய்வது என்று பார்த்துப் பார்த்து அனுப்புகிறேன். மனிதர்களைப் பற்றிய படம் எதையும் அனுப்புவதில்லை. போன தீபாவளிக்குப் போனபோது, என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே தன் பேத்தியிடம் லாரிக் கதையைச் சொன்னாள். "வேணும்னா சின்னத் தாத்தாவக் கேளு, அவரும் கேட்டாரு" என்றாள். குழந்தை என்னைப் பார்த்தது. நான் தலையாட்டினேன். அது போதவில்லை, அம்மா எப்படிச் சொன்னாள் என்று சொல்லச் சொன்னது. சொன்னேன்.

அதிலிருந்துதான் ஆரம்பித்தது. முகம் கழுவும்போதோ, பஸ்ஸுக்கு நிற்கும்போதோ, லாரியின் கதவு தெரிகிறது. அப்பாவின் தோளில் நான் இருக்கிறேன். அம்மா திரும்பிப் பார்த்துச் சொல்கிறாள், உதடு அசைவது தெரிகிறது, குரல் கொஞ்சம் கரகரப்பாக இருக்கிறது. முதலில் நானே கட்டியதுதானே என்று தள்ளிவிட்டேன். இப்போது அது தானாக வருகிறது, நாளுக்கு நாள் தெளிவாக வருகிறது. கரண்டியைத்தான் தேட வேண்டியிருக்கிறது. அது பல்லில் மோதுகிற சத்தம் இப்போதெல்லாம் கேட்பதில்லை.

அதையும் நான் மறந்துவிட்டால், அம்மாவால் அன்றைக்குப் பேச முடியவில்லை என்பதை அறிந்த ஆள் இந்த உலகத்தில் ஒருவரும் இருக்க மாட்டார்கள். அக்காவுக்காக, மறந்தே போகட்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். ஆனால் அம்மாவை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. அவள் எங்களிடம் என்ன சொல்ல நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாளோ, அதை நாங்கள் இரண்டு பேருமே கேட்கவில்லை.